சனிக்கிழமைச் சவரம்

இனி எஷுன் சலூன் படியை மிதிப்பதே இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோபினா சபதம் எடுத்தான். அப்போது வலது கை மீன் குழம்புக்குள் இருந்தது. ஆகவே இடது கையைத்தான் தூக்க வேண்டியிருந்தது. அவனுடைய கடற்கரை ஊரான அனோமாபோவில் இடது கையை ஆட்டிப் பேசினால் பெற்ற தாயே அறைவாள். அரபா கட்டின மனைவிதானே, பொறுத்துக்கொண்டாள்.

"இனிமே எனக்கு நானே சவரம். சோப்பு, பிரஷ், ரேசர், வெந்நீர். அந்தக் காலத்து ஆம்பளைங்க பண்ணின மாதிரி."

மடியில் இருந்த குழந்தை எஸ்ஸிக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த அரபா நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாவா எஸ்ஸி அப்பா?"

"சத்தியமா."

"அப்ப சனிக்கிழமை காலைல வீட்டுல இருப்பீங்க."

"இருப்பேன். ஏன் இருக்க மாட்டேன்? சாமான் எல்லாம் சேர்ந்ததும் இருப்பேன்."

"என்ன சாமான்?"

"அதைத்தான் தேர்ந்தெடுக்கணும். இது முகம் அரபா. அவசரப்பட முடியாது."

அரபா மறுபடியும் முள் எடுக்கக் குனிந்துகொண்டாள். கோபினா குழம்பை வழித்து நக்கினான். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவனே நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். அரபா கென்கே போட்டு விற்கிறவள். புளித்த சோளமாவில் பாதியைப் பெரிய பானையில் போட்டு, கெட்டியாகிற வரை கிண்டி, மீதியோடு பிசைந்து, வாழைச் சருகில் பொதிந்து அவிக்க வேண்டும். பொதிவதற்கும் அவிப்பதற்கும் கைப்பழக்கம் போதும். கிண்டுவதற்குத் தோள் வேண்டும். துடுப்பு ஒரு ஆள் உயரம். மாவு இறுக இறுக, துடுப்பைப் பிடித்தவரை அதுதான் கிண்டும். அனோமாபோவில் சனிக்கிழமை என்றால் சாவு வீட்டுச் சடங்கு. சாவு வீடு என்றால் கூட்டம். கூட்டம் என்றால் கென்கே. மற்ற நாள் ஒரு பானை, சனிக்கிழமை மூன்று.

இதுநாள் வரை அரபாவின் தங்கை எக்குவா கூட நின்று கிண்டினாள். எக்குவா கல்யாணமாகி குமாசிக்குப் போய்விட்டாள். துடுப்பு அநாதையாகி நின்றது. இரண்டு சனிக்கிழமை அரபா தனியாகக் கிண்டினாள். மூன்றாவது வாரம் ஜாக்கெட்டுக்குள் கை நுழைக்கவே தோள் வரவில்லை.

கோபினா பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர். சனிக்கிழமை விடுமுறை. அன்று விடிந்ததும் எஷுன் சலூனுக்குப் போவான், வெயில் உச்சிக்கு வந்ததும் திரும்புவான். போவது சவரத்துக்கு. இருப்பது டாமே ஆட்டத்துக்கு. சலூன் வாசலில், வேப்ப மரத்தடியில் ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் கட்டம் போட்ட பலகை, காய்களாகச் சோடா மூடிகள். ஒரு காயை வெட்டும்போது பலகையில் ஓங்கி அடிக்கிற அடி அடுத்த தெருவுக்குக் கேட்கும். கோபினா உயிரோடு இருப்பது அந்த ஒரு காலை நேரத்துக்காகத்தான் என்று அவனே பல தடவை சொல்லியிருக்கிறான், எஷுனிடம்.

சபதத்துக்கு முந்தின நாள்தான் அரபா கேட்டாள்: "எஷுன் மிஷினை உங்க தாடையில ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் நாலு கென்கே பொதியறதுக்குள்ள முடிஞ்சிரும். மீதி நேரம் என்ன பண்றார்? தாடியை நட்டு, தண்ணி ஊத்தி, அறுவடை பண்றாரா?"

 அன்றைக்கு ராத்திரி கோபினா படுத்துக்கொண்டு போனைத் தடவியபோதுதான் ஒரு வீடியோவில் அந்த வெள்ளைக்காரன் வந்தான். அவன் ஒரு கிண்ணத்தில் சோப்பைப் போட்டான். பிரஷ்ஷால் அடித்தான். அடித்துக்கொண்டே பேசினான். எந்தப் பிரஷ் நல்லது, எந்த பிளேடு யாருக்கு ஒத்துக்கொள்ளும், எந்தச் சோப்பு வழுக்கும் என்று வெகுநேரம் பேசினான். இன்னும் ஒரு முடிகூட வழிக்கவில்லை. அவன் மனைவி கதவைத் திறந்து, வந்து துடுப்பைப் பிடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபினாவுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும், பிரஷ் வாங்க மான்கெசிம் சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பி, நேரே வேப்ப மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

எஷுன் பதறிப்போனான். அந்தக் கரையில் கூட்டாளியை 'சாலே' என்றுதான் கூப்பிடுவார்கள். "சாலே, ஊரெல்லாம் பேச்சு. நீ வீட்டுலயே வழிச்சுக்கப் போறியாமே? அப்ப என்கூட யாரு ஆடுவா?"

"வழிக்கப் போறேன்னு யாரு சொன்னா? வழிக்கச் சாமான் தேடப் போறேன். தேடுவேன், தேடுவேன், தேடிக்கிட்டே இருப்பேன்."

எஷுன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், கேட்டுக்கோ. பேட்ஜர் முடியில செஞ்ச பிரஷ்தான் வேணும்னு சொல்லு. அது குளிர் நாட்டு மிருகம். இந்தக் கரையில ஒரு குட்டிகூடக் கிடையாது."

மத்தியானம் கோபினா வெறுங்கையோடு, களைத்த முகத்தோடு வீட்டுக்கு வந்தான். அரபா தோளில் பனங்கொட்டை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கிடைக்கலை அரபா. சந்தை முழுக்கப் பன்றி முடிதான். எனக்குப் பேட்ஜர் வேணும்."

"அது என்னது?"

"ஒரு மிருகம். மண்ணைத் தோண்டும். குளிர் நாட்டுல இருக்கு."

"கடிக்குமா?"

"செத்தப்புறம்தானே பிரஷ் பண்ணுவாங்க."

"அப்படியா" என்றாள் அரபா.

புதன்கிழமை அவள் சோளம் வாங்க மான்கெசிம் போனாள். அந்தச் சந்தையில் 'வெள்ளைக்காரன் செத்தான்' வரிசை என்று ஒன்று உண்டு. கடல் தாண்டி மூட்டை மூட்டையாக வருகிற பழைய துணிகளை விற்கிற இடம். போட்டிருந்தவன் செத்திருந்தால் ஒழிய இவ்வளவு நல்ல சட்டையை யாராவது கொடுப்பார்களா என்று அந்தக் காலத்தில் யாரோ வைத்த பெயர். துணியோடு பெல்ட்டும் வரும், செருப்பும் வரும், செத்தவன் மேசை டிராயரில் இருந்த அத்தனையும் வரும். அரபா அங்கே போய், "செத்த வெள்ளைக்காரன் முகத்துல நுரை தடவின பிரஷ் இருக்கா அக்கா?" என்று கேட்டாள். கடைக்காரி மூட்டைக்கு அடியில் கையை விட்டாள்.

சாயங்காலம் கோபினாவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரஷ் இருந்தது. எலும்பு நிறக் கைப்பிடி. முடி அடியில் வெளுப்பு, நடுவில் கறுப்பு, நுனியில் மறுபடி வெளுப்பு. அச்சு அசலாக வெள்ளைக்காரன் போனில் காட்டினது.

"பேட்ஜர்தானான்னு பாருங்க. நான் சோப்புப் போட்டு அலசிட்டேன், கொஞ்சம் ஆட்டு வாடை அடிச்சுது. கூடவே இந்த இரும்பையும் குடுத்தா." அது ரேசர். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற, கனமான, நல்ல ரேசர்.

கோபினா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

ஆனாலும் சமாளித்தான். "பிரஷ் ஒரு பங்குதான். சோப்புதான் உயிர். சாதாரணச் சோப்பு தோலை வறட்டிடும். நுரை கெட்டியா நிக்கணும், வழுக்கணும், காயக் கூடாது. அப்படிப்பட்ட சோப்பு எங்க கிடைக்கும்னு சனிக்கிழமை தேடறேன்."

அந்தச் சனிக்கிழமை வேப்ப மரத்தடியில் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தான். மனம் லேசாக வீட்டுக்கு வந்தால், முற்றத்தில் அரபா ஒரு சுரைக்குடுக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கறுப்புச் சோப்பு. வாழைத்தோல் சாம்பலும் பனங்கொட்டை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினது, ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது. அதை ஷியா கொட்டை வெண்ணெய் விட்டுக் குழைத்து வைத்திருந்தாள்.

"கறுப்புச் சோப்பு மட்டும் போட்டா எரியும்னு எனக்கே தெரியும். அதான் வெண்ணெய் சேர்த்தேன். அடிச்சுப் பாருங்க."

கோபினா வேண்டாவெறுப்பாகப் பிரஷ்ஷை நனைத்து, உதறி, நாலு சுற்றுச் சுற்றினான். நுரை வந்தது. சும்மா வரவில்லை, குடுக்கைக்கு மேலே எழுந்து நின்றது. கவிழ்த்தான், விழவில்லை. அதே முற்றத்தில் குடியிருக்கிற சித்தி மான்சா துணி உலர்த்தப் போட வந்தவள் எட்டிப் பார்த்து, "ஏய்! இதை வெச்சு ஒரு ஆளையே வெள்ளையடிக்கலாம் போலிருக்கே" என்றாள்.

"பிளேடு இருக்கே, பிளேடு" என்றான் கோபினா.  "அதுதான் இதுல பெரிய விஷயம். ஒரு முகத்துக்கு ஒத்துக்கிறது இன்னொரு முகத்துக்கு ஒத்துக்காது. ஒவ்வொரு கம்பெனி பிளேடா வாங்கி, ஒவ்வொரு வாரமா சோதிக்கணும். வெள்ளைக்காரனே சொல்லியிருக்கான். வருஷக்கணக்கு ஆகும்."

"ஒவ்வொரு கம்பெனியா?"

"ஒவ்வொரு கம்பெனியா."

"இருங்க." அரபா குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தைச் சுற்றி ஒரு நடை போனாள். மான்சா சித்தி தையல் பிரிக்க வைத்திருந்தது ஒன்று. எதிர் அறை மீன்காரி நகம் வெட்ட வைத்திருந்தது ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்தது, பின்னல் போடுகிறவள் நூல் அறுக்க வைத்திருந்தது, மூலைக் கடையில் இருந்தது. எல்லாம் காகிதம் பிரிக்காதது. ஒரு தட்டில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். மிட்டாய்த் தட்டு மாதிரி இருந்தது.

"தினம் ஒண்ணா சோதிச்சிருங்க. இப்ப எதுல ஆரம்பிக்கறீங்க? வெந்நீர் வைக்கட்டுமா?"

முற்றமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தது. இனிப் பின்வாங்க வழியில்லை. அரபா சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடி மாட்டினாள். கோபினா வெந்நீரில் முகத்தை நனைத்து, நுரை தடவி, பச்சைக் காகித பிளேடை மாட்டினான். அழுத்தாதே, ரேசரின் கனமே போதும் என்று வெள்ளைக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. முடி முளைத்த திசையிலேயே மேலிருந்து கீழே இழுத்தான். கரகரவென்று ஒரு சத்தம், தோசையைத் திருப்பினது போல. காயம் இல்லை. கழுவிவிட்டுத் தடவிப் பார்த்தான்.

எஸ்ஸியின் கன்னம் மாதிரி இருந்தது.

ஒரு நிமிஷம் அவனுக்குத் தன் சங்கடமே மறந்துபோயிற்று. கண்ணாடியில் தன்னையே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். மிஷின் இத்தனை வருஷமாக விட்டுவைத்த முள்முடி ஒன்றுகூட இல்லை.

"அழகா இருக்கீங்க" என்றாள் அரபா. "எவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருச்சு பார்த்தீங்களா? இன்னும் வெந்நீரே ஆறல."

அடுத்த சனிக்கிழமை கோபினா துடுப்பைப் பிடித்தான். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல எதுவும் இல்லை. முதல் பானையில் பாட்டுப் பாடினான். இரண்டாவது பானையில் கடவுளைக் கூப்பிட்டான். மூன்றாவது பானையில் எக்குவாவைக் கட்டிக்கொண்ட குமாசிக்காரனைத் திட்டினான். நடுநடுவே, தெருமுனையிலிருந்து சோடா மூடி பலகையில் விழுகிற சத்தம் கேட்டது. அந்த ஒவ்வொரு அடியும் அவன் நெஞ்சில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கவும் கை வரவில்லை. குனிந்தபடியே பாடினான். பாதிரியார் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார். கோபினாவோ அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சவரம் நன்றாக வந்ததுதானே வினை? வராமல் போனால்?

அவர்கள் ஊர் ஆண்களுக்குத் தாடி சுருள் சுருளாக முளைக்கும். அதை எதிர்த் திசையில் ஒட்ட வழித்தால், நுனி கூராகித் திரும்பத் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு நுழையும். கழுத்தெல்லாம் பொரிப்பொரியாக வீங்கும். அதனால்தான் பாதி ஊர் மிஷினை விட்டு வேறு எதையும் தொடுவதில்லை. இந்த விவரம் தெரியாத ஆள் கிடையாது. கோபினாவுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று, கீழிருந்து மேலாக, நன்றாக அழுத்தி, நாலு இழுப்பு இழுத்தான். புதன்கிழமை இன்னும் நாலு.

வெள்ளிக்கிழமைக்குள் கழுத்து பலாக்காய் ஆகிவிட்டது.

சட்டைக் காலர் பட்டாலே எரிந்தது. வலி நிஜம்தான். ஆனால் வலிக்குள்ளே ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"அய்யோ, எஸ்ஸி அப்பா!" அரபா விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"ரேசர் எனக்கு ஒத்துக்கலை அரபா." முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். "நானும் எவ்வளவோ முயற்சி பண்ணினேன். நீயும் பாவம், எவ்வளவு தேடித் தேடி வாங்கினே."

"சாமான் போனாப் போகுது. முகம்தானே முக்கியம். நாளைக்கு எஷுன்கிட்டயே போயிடுங்க."

"மூணு பானை இருக்கே?"

"பானை எங்க போயிடப்போகுது? நீங்க போங்க. விடிஞ்சதும் போங்க."

கோபினா குழந்தை மாதிரி தூங்கினான்.

சனிக்கிழமை, கோழி கூவி முடிக்கும் முன்னால் வேப்ப மரத்தடியில் இருந்தான். பலகை விரித்திருந்தது. எஷுன் உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம் தபால்காரன் சாக்கி உட்கார்ந்து காய் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"சாலே, வந்துட்டேன்! சாக்கி, நகரு."

எஷுன் எழுந்து வந்து, இரண்டு விரலால் கோபினாவின் மோவாயைத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பினான். நாக்கால் 'ச்ச்' கொட்டினான்.

"இதுல நான் மிஷின் வைக்க மாட்டேன். சீழ் கட்டிக்கும். ஒரு மாசத்துக்கு பிளேடும் கூடாது, மிஷினும் கூடாது. தாடி வளரட்டும். காலைல நல்லா ஆவி புடி, உள்ள நுழைஞ்ச முடி தானா வெளிய வரும்."

"சரி, சவரம் வேணாம். ஒரு ஆட்டம் போடுவோம்."

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

"இந்தக் கழுத்தை என் கடை வாசல்ல உட்கார வெச்சா, போறவன் வர்றவன் எல்லாம் என்ன நினைப்பான்? எஷுன் கை பட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு நினைப்பான். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு சாலே. கழுத்து ஆறினதும் வா."

கோபினா நின்றான். அப்போதுதான் எஷுனின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். வாழைச் சருகுப் பொதி. இன்னும் சூடாக, மணமாக. சாக்கி பக்கத்திலும் ஒன்று.

"இது யாரு குடுத்தது?"

எஷுன் வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தான். "உங்க வீட்டம்மாதான். நேத்து அவிச்சதைச் சூடு பண்ணி எடுத்துக்கிட்டு, இருட்டு பிரியறதுக்கு முன்னாலேயே வந்தாங்க. உன் கழுத்தைப் பத்தி அவ்வளவு கவலை. நல்ல மனுஷி, சாலே. குடுத்து வெச்சவன் நீ."

கோபினா வீட்டுக்கு நடந்தான். பின்னால் சோடா மூடி ஒன்று பலகையில் ஓங்கி விழுந்தது.

முற்றத்தில் மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. அரபா முதல் பானையில் மாவைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? எஷுன் என்ன சொன்னாரு?"

"ஒரு மாசம் தாடி வளர்க்கணுமாம். ஆவி புடிக்கணுமாம்."

"ஒரு மாசம்னா சொன்னாரு? ரெண்டு மாசம்னு சொல்லச் சொல்லியிருந்தேனே. போகட்டும். இங்க வாங்க, குனியுங்க."

"எங்க?"

"பானைக்கு மேலதான். இந்த அனோமாபோவுல இவ்வளவு ஆவி வேற எந்த வீட்டுல கிடைக்கும்?"

கோபினா குனிந்தான். சூடு சுகமாகத்தான் இருந்தது. வீங்கின கழுத்து இளகிற்று. கண்ணை மூடிக்கொண்டான். அதற்குள் அவன் இரண்டு கையிலும் ஏதோ வழவழப்பாக, கனமாக வந்து உட்கார்ந்தது.

"இது எதுக்கு?"

"சும்மா நின்னா ஆவி எப்படி வரும்? கிண்டினாத்தான் மேல எழும்பும்."

கிண்டினான். ஆவி எழும்பியது. அதில் பொய் சொல்ல முடியாது.

"அரபா."

"சொல்லுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மேலேருந்து கீழ வழிச்சுக்கிட்டிருந்த மனுஷன், செவ்வாய்க்கிழமைலேருந்து கீழேருந்து மேல வழிச்சா எனக்குத் தெரியாதா? அந்தக் கண்ணாடிக்கு ஆணி அடிச்சதே நான்தானே. அடுப்புக்கிட்ட உட்கார்ந்தா உங்க முகம் முழுசா அதுல தெரியும்."

 மாவு இறுக ஆரம்பித்திருந்தது.

அரபா கிட்டே வந்து அவன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கன்னத்துக்குப் போதும். அப்படியே சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் வாங்க, அங்கதான் மாவு இன்னும் வேகல."